பெயரின் எழுத்துகளிலிருந்து சொற்கள்: எங்கே பிழைக்கிறது, எப்படித் திருத்துவது?

ஒரு பெயரிலுள்ள எழுத்துகளைக் கலைத்துப் போட்டு, அவற்றைக் கொண்டு வேறு சொற்களை அமைக்கும் விளையாட்டு சென்னையில் பள்ளித் தமிழ் மன்றங்களிலும், அடுக்ககங்களில் நடக்கும் பொங்கல் விழாக்களிலும், பொழுது போகாத நீண்ட ரயில் பயணங்களிலும் ஆடப்படுகிறது. விதி மிக எளிது. பெயரில் இருக்கும் எழுத்துகளை மட்டுமே எடுக்கலாம். ஓர் எழுத்து பெயரில் எத்தனை முறை வந்திருக்கிறதோ அத்தனை முறைக்கு மேல் அதை எடுக்கக் கூடாது. இவ்வளவு எளிய விதியை வைத்துக்கொண்டும் வாக்குவாதம் வருவதற்கு, என் கணிப்பில், பெரும்பாலும் ஒரே காரணம்தான் உண்டு: எதை ‘ஓர் எழுத்து’ என்று எண்ணுவது என்பதை யாரும் தொடக்கத்தில் பேசி முடிவு செய்வதில்லை. கீழே உள்ளவை அந்தக் குழப்பமும் வேறு சில பிழைகளும் வெளிப்படும் விதங்கள். உங்களுக்கு நேர்ந்திருப்பது எது என்று பார்த்து அந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும்.

பெயர் நீளமாக இருக்கிறது. சொல் எதுவும் தேறவில்லை

‘அடையாறு’ நான்கே எழுத்து. அதிலிருந்து அடை, அறு, யாறு ஆகிய மூன்றும் யோசிக்காமலே வந்துவிடும். ஆனால் ஐந்து எழுத்துள்ள ‘தமிழரசி’யை எடுத்துக்கொண்டால் த, மி, ழ, ர, சி என்ற ஐந்தையும் எப்படிப் புரட்டினாலும் தர, ரசி போன்ற ஒன்றிரண்டுக்கு மேல் தேறாது. அந்தப் பெயருக்குள் வெளிப்படையாகத் தெரியும் ‘தமிழ்’ கூடக் கிடையாது, ஏனென்றால் பெயரில் இருப்பது ழ. தமிழுக்கு வேண்டியது ழ். ‘அரசி’யும் கிடையாது, ஏனென்றால் அதன் அகரம் ழகரத்தோடு ஏறிக் கலந்துவிட்டது. இரண்டு சொற்களைச் சேர்த்து உருவான பெயருக்குள் அந்த இரண்டு சொற்களுமே இல்லாமல் போகும் இந்த விந்தை, புணர்ச்சியால் ஆன எல்லாப் பெயர்களிலும் நேரக்கூடியது. திருவல்லிக்கேணியில் ‘அல்லி’ கிடைக்காததும் இதனால்தான்.

இதற்குத் தீர்வு, எழுத்துகளை உயிராகவும் மெய்யாகவும் பிரித்துக்கொள்வது. தமிழரசியைப் பிரித்தால் த், அ, ம், இ, ழ், அ, ர், அ, ச், இ என்று, ஓர் உயிருக்கோ மெய்க்கோ ஓர் அட்டை வீதம், பத்து அட்டைகள் கிடைக்கின்றன. இப்போது தமிழ், அரசி இரண்டும் திரும்பி வருவதோடு அரிசி, இதழ், மதி, சதி, சரி, அமர், மிதி, சமர், ரசம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். உயிரெழுத்தில் தொடங்கும் சொற்கள் பிரித்த முறையில்தான் ஏராளமாக வரும். எழுத்தைப் பிரிக்காமல் அப்படியே எடுக்கும் முழு எழுத்து முறையில் பெயரின் முதலெழுத்து உயிராக இருந்தாலொழிய அவற்றுக்கு வழியே இல்லை.

எந்த முறை நல்லது என்று கேட்டால், தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு முழு எழுத்து முறையும், பெரியவர்களுக்குப் பிரித்த முறையும் பொருந்தும் என்பேன். ஆனால் ஒரே ஆட்டத்தில் இரண்டையும் கலப்பது கூடாது. ஒருவர் முழு எழுத்தாகவும் அடுத்தவர் பிரித்தும் எண்ணினால், இருவர் விடையும் சரியாக இருக்கும்போதே இருவரும் சண்டை போடுவார்கள்.

கிடைத்த சொல்லை மற்றவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்

முழு எழுத்து முறையில் இது மிகுதியாக நடக்கும். கோடம்பாக்கத்திலிருந்து ‘பக்கம்’ எடுப்பவர்கள் பலர். பெயரில் இருப்பது பா. பக்கத்துக்கு வேண்டியது ப. துணைக்காலைக் கழற்றி வைத்துவிட்டு எழுத்தை மட்டும் எடுக்கும் உரிமை முழு எழுத்து முறையில் இல்லை. அதே பெயரில் பாகம், பாடம், கடம், பாக்கம் ஆகியவை முறையாகவே கிடைக்கின்றன. கயல்விழியிலிருந்து ‘வழி’ எடுப்பதும் இதே பிழை. அங்கே வி உண்டு, வ இல்லை.

இன்னொரு வகை, எண்ணிக்கைப் பிழை. தாம்பரம் என்றதும் ‘பம்பரம்’ நாக்கில் வந்துவிடுகிறது, ஏனென்றால் ஓசை ஒத்திருக்கிறது. ஆனால் தாம்பரத்தில் ப ஒன்றுதான். பம்பரத்துக்கு இரண்டு வேண்டும். ம் இரண்டு முறை வருவதால் ப-வும் இரண்டு இருப்பதாக மனம் ஏமாந்துவிடுகிறது. பரம், தாரம், தாபம் ஆகியவை அங்கே செல்லும்.

இவ்விரண்டு பிழைகளையும் மனத்தால் சரிபார்க்க முயல வேண்டாம். பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி மேசையில் பரப்பிவிட்டு, சொல்லைத் துண்டுகளால் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அடுக்க முடிந்தால் சொல் செல்லும், முடியாவிட்டால் செல்லாது. நடுவர் வாய் திறக்கவே தேவை இருக்காது.

பிரித்து எழுதினால் கணக்கு உதைக்கிறது

பிரித்த முறைக்கு மாறியவர்கள் அனைவரும் முதலில் தடுமாறும் இடம் அகரம். கா, கி, கு என்றால் கண்ணுக்கு ஓர் அடையாளம் தெரிகிறது; க என்பதில் எதுவும் தெரியாததால் அதற்குள் இருக்கும் அ விடுபட்டுப் போகிறது. விடுபட்டதா என்று பார்க்க ஒரு சுருக்கு வழி உண்டு. பெயரில் புள்ளி வைக்காத எழுத்துகள் எத்தனையோ அத்தனை உயிர் அட்டைகள் இருக்க வேண்டும். தனி உயிரெழுத்து நீங்கலான எழுத்துகள் எத்தனையோ அத்தனை மெய் அட்டைகள் இருக்க வேண்டும். ஆய்தம் வந்தால் அதைத் தனி அட்டையாக வைத்துவிடலாம்.

மயிலாப்பூரை வைத்துப் பார்ப்போம். ம, யி, லா, ப், பூ, ர் என்று ஆறு எழுத்துகள். புள்ளி பெற்றவை ப், ர் ஆகிய இரண்டு. ஆகவே உயிர் நான்கு: அ, இ, ஆ, ஊ. தனி உயிர் ஏதும் இல்லாததால் மெய் ஆறு: ம், ய், ல், ப், ப், ர். மொத்தம் பத்து. இந்தப் பத்தில் மயில், ஊர், பூமி, பூரி, பால், ஆப்பம், அப்பால், பாயிரம் எல்லாம் உண்டு. ‘ஆயிரம் பூ’ என்று இரண்டு சொற்களை அடுத்தடுத்து எடுத்த பிறகும் ல், ப் இரண்டும் கையில் மிஞ்சும். ‘மலர்’ மட்டும் கிடைக்காது. அதற்கு அகரம் இரண்டு வேண்டும். மயிலாப்பூரில் இருப்பது ஒன்று.

அடுக்கிப் பார்க்க வேண்டிய வரிசைகள் முடிவில்லாமல் போகின்றன

கயல்விழியில் ஐந்து எழுத்துகளும் வெவ்வேறு. ஓரெழுத்து முதல் ஐந்தெழுத்து வரை எடுத்து அடுக்கினால் 5, 20, 60, 120, 120 என மொத்தம் 325 வரிசைகள் வரும். எட்டு எழுத்துள்ள பெயரில் எட்டையும் சேர்த்து அடுக்கும் வரிசைகள் மட்டுமே 40,320. இவற்றை ஒன்றொன்றாக எழுதிப் பார்ப்பவர் சலித்துப் போவதில் வியப்பில்லை. தமிழில் அப்படி எழுதத் தேவையும் இல்லை, ஏனென்றால் எந்த எழுத்து சொல்லின் முதலில் நிற்கலாம், எது கடைசியில் நிற்கலாம், எதன் பின்னே எது வரலாம் என்று இலக்கணம் ஏற்கெனவே வரம்பு கட்டி வைத்திருக்கிறது.

மொழிக்கு முதலில் வருபவை என்று நன்னூல் சொல்வது 22: பன்னிரண்டு உயிர்களும், க, ச, த, ந, ப, ம, வ, ய, ஞ, ங என்ற பத்து வரிசைகளும். இவற்றில் ங நடைமுறையில் நமக்குப் பயன்படாது. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன வரிசைகள் முதலில் வாரா. ரயில், லாரி, டம்ளர் போன்ற பிறமொழி வரவுகளை ஏற்பதா என்பது நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டியது. மொழிக்கு இறுதியில் வருபவை 24. அவற்றில் நமக்கு முதன்மையானது, க், ச், ட், த், ப், ற் என்ற வல்லினப் புள்ளிகள் எதுவும் சொல்லின் கடைசியில் நில்லா என்பதே.

இதைக் கயல்விழியில் பொருத்தினால், ஒவ்வோர் எழுத்தும் 65 வரிசைகளுக்குத் தலைமை தாங்குகிறது. ல், ழி இரண்டும் தலைமை தாங்க முடியாதவை என்பதால் 130 வரிசைகள் அடிபட்டு 195 மிஞ்சுகின்றன. ய-வில் தொடங்கும் தமிழ்ச் சொற்கள் மிகச் சில என்பதால் அந்த 65-ஐயும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி, க, வி என்ற இரண்டு தொடக்கங்களை மட்டும் கையில் எடுங்கள். க-வின் கீழ்க் கல், கழி, கவி, கயல், கல்வி; வி-யின் கீழ் வில், விழி, வியல். கயல்விழிக்குள் கல்வி ஒளிந்திருப்பதைப் பலர் தவறவிடுவதற்குக் காரணம், கயல், விழி என்ற இரண்டு பாதிகளையும் கண் உடைக்க விரும்பாததே.

நீளமான பெயரில் இந்த வரம்புகள் இன்னும் நன்றாக உதவும். தி, ரு, வ, ல், லி, க், கே, ணி என்ற எட்டில் சொல்லைத் தொடங்கத் தகுதி உள்ளவை தி, வ, கே ஆகிய மூன்றே. அடுத்துப் புள்ளி எழுத்துகளைப் பாருங்கள். க் என்ற மெய்க்குப் பின் ககர வரிசை மட்டுமே வரும். இங்கே இருக்கும் ககர எழுத்து கே ஒன்றே. ஆகவே க் வரும் சொல் எதுவாயினும் அதில் ‘க்கே’ என்ற தொடர் இருந்தாக வேண்டும். அப்படி ஒரு சிறிய சொல் இந்த எழுத்துகளில் இல்லை. க் அட்டையைத் தயங்காமல் ஓரமாக வைத்துவிடலாம். மீதியில் தி-யின் கீழ்த் திரு, திணி, தில்லி. வ-வின் கீழ் வலி, வல்லி. கே-யின் கீழ்க் கேணி, கேலி. திருவல்லிக்கேணியில் தில்லி இருப்பதை முதன்முதலாகக் கண்டவர் கட்டாயம் சிரித்திருப்பார்.

மெய் இரட்டிப்பில் ர், ழ் இரண்டும் தம்மோடு தாம் சேரா என்பதையும், ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற ஆகிய இணைகள் எப்போதும் கைகொடுக்கும் என்பதையும் நினைவில் வைத்தால் வேறு விதிகள் தேவைப்படாது.

கணினி எழுத்துகளை உடைத்துவிடுகிறது

பெயரைக் கொடுத்தால் எழுத்துகளைக் கலைத்துத் தரும் செயலிகள் பல, ஆங்கிலத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அவற்றில் தமிழ்ப் பெயரைக் கொடுத்தால், புள்ளிகளால் ஆன சிறு வட்டத்தோடு துணைக்காலோ கொம்போ தனியாகத் தொங்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கப் பயன்படுத்தும் யூனிகோடில் ‘கா’ என்பது ஒரே குறியீடு அல்ல. க ஒன்று, துணைக்கால் ஒன்று. புள்ளியும் தனிக் குறியீடே. அதனால் நாம் ஏழு எழுத்தாக எண்ணும் கோடம்பாக்கத்தைக் கணினி 12 என்று எண்ணுகிறது. அந்தப் பன்னிரண்டையும் தனித்தனியாகக் கலைத்தும் போடுகிறது.

ஒரு செயலி தமிழுக்கு உதவுமா என்று அறிய, ‘விகடகவி’யைத் தலைகீழாகத் திருப்பச் சொல்லுங்கள். முன்னும் பின்னும் ஒன்றாக வாசிக்கப்படும் அந்தச் சொல் அப்படியே திரும்பி வந்தால் செயலி எழுத்தை அறிந்தது. தனியாகத் தொங்கும் இகரக் குறியோடு ‘வகடகிவ’ போன்ற ஏதோ ஒன்று வந்தால் அந்தச் செயலியை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். நீங்களே நிரல் எழுதுபவரானால், ஒவ்வொரு குறியீட்டையும் தனியாக எடுக்காமல், தொடரும் சார்புக் குறிகளையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு ஒட்டிய பிறகே பட்டியலாக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் என்ற நிரலகம் இந்தப் பிரிப்பைச் செய்து தருகிறது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் பெயரைக் கணினி வேறு என்கிறது

ஒகர, ஓகார எழுத்துகளில் இது நேரும். ‘கோ’வை ஒரே ஓகாரக் குறியோடும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறிகளோடும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோடின் சீராக்கத்தைச் செய்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஆகவே ஒப்பிடுவதற்கு முன் அதைச் செய்வது கட்டாயம்.

ஔகாரத்தில் இருப்பது வேறு சிக்கல், சீராக்கத்தால் தீராதது. ‘கௌரி’யில் இரண்டு எழுத்துகள்: கௌ, ரி. பலர் தட்டச்சில் கெ, ள, ரி என்று மூன்றாக அடிக்கிறார்கள். பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும் அந்த இரண்டாவது வடிவத்தில் பெயரில் இல்லாத ஒரு ளகரம் நுழைந்துவிடுகிறது. பிரித்த முறையில் ‘களி’, ‘அரி’ என்று பெயருக்குச் சம்பந்தமே இல்லாத சொற்கள் வரத் தொடங்கும். இதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

ராஜேஷ், ஸ்ரீதர், லக்ஷ்மி

கிரந்த எழுத்து மிகுந்த பெயர்களில் முழு எழுத்து முறை செல்லாது; ரா, ஜே, ஷ் மூன்றையும் வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? பிரித்தாலும் பயன் குறைவே. பெயருக்கு உரியவர் ஒப்பினால் தமிழ் மரபு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். லக்ஷ்மியை இலட்சுமி என்று எழுதிப் பிரித்தால் இடம், உடல், இடி, மடி, அடி என்று ஐந்தாறு சொற்கள் கிடைத்துவிடும். ஒப்பாவிட்டால் இனிஷியலை விரித்துத் தந்தை அல்லது தாயின் பெயரையும் சேர்த்துக்கொள்ளலாம். இனிஷியலை ‘கே’, ‘எஸ்’ என்று வைத்துக்கொண்டே விளையாடுவதை நான் ஏற்பதில்லை. அவை ஆங்கில எழுத்துகளின் பெயர்களே தவிர, பெயரின் எழுத்துகள் அல்ல. குடும்ப அட்டையில் ஒரு விதமாகவும் பள்ளிச் சான்றிதழில் வேறு விதமாகவும் பெயர் இருப்பவர்கள், எந்த வடிவம் என்பதை முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

‘அப்படி ஒரு சொல்லே இல்லை’ என்கிறார்கள்

ஓர் அகராதியை நடுவராக ஏற்றுக்கொள்ளுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வெளிவந்து, 1939-இல் இணைப்பும் கண்டது. அதை இணையத்திலும் தேடலாம். அதில் பழஞ்சொற்கள் ஏராளம் என்பதால் விளையாட்டு தாராளமாக நடக்கும். இன்றைய வழக்கு மட்டும் போதும் என்பவர்கள், 1992-இல் முதல் பதிப்பு கண்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியை வைத்துக்கொள்ளலாம். அப்போது ‘வியல்’ போன்றவற்றைக் கைவிட நேரலாம்.

ஓரெழுத்துச் சொற்களில் தகராறு கூடுதல். பூ, தீ, கை, பை, மா, வா ஆகியவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். நன்னூல் 42 ஓரெழுத்துச் சொற்களைக் குறிப்பிடுகிறது. நொ, து என்ற இரண்டு குறில்களைத் தவிர மற்ற நாற்பதும் நெடில். ஆகவே யாராவது ‘க’வையோ ‘மி’யையோ சொல்லாகக் கணக்கில் சேர்த்தால் மறுத்துவிடலாம்.

எல்லா எழுத்தும் தீரவில்லை, ஒன்று மிஞ்சுகிறது

ஓர் எழுத்தும் மிஞ்சாமல் முழுப் பெயரையும் வேறு சொல்லாக மாற்றுவதே அனகிராம். இதற்குப் பிரித்த முறை இன்றியமையாதது. மிஞ்சும் எழுத்து எது என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும்.

இ, உ, அ ஆகியவற்றுள் ஒன்று மிஞ்சினால், ர, ல வரிசையில் தொடங்கும் சொல் ஏதாவது எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். ரசம், இரசம் ஆகலாம். ரோமம், உரோமம் ஆகலாம். ரங்கன், அரங்கன் ஆகலாம். தமிழரசியின் பத்து அட்டைகளில் ‘ரசம்’, ‘இதழ்’ இரண்டையும் எடுத்தால் ஓர் இகரம் மிஞ்சும். அதை ரசத்தின் தலையில் வைத்தால் ‘இதழ் இரசம்’, பத்தும் தீர்ந்தன.

ம் மிஞ்சினால் அது நல்ல சகுனம், ஏனென்றால் தமிழில் வினைமுற்று பலவும் மகரத்தில் முடிகின்றன. கமலாவைப் பிரித்தால் க், அ, ம், அ, ல், ஆ. பெரும்பாலோர் ‘காலம்’ எடுத்து ஓர் அகரத்தோடு நின்றுவிடுவார்கள். பெயர்ச்சொல்லையே தேடாமல் வினையைத் தேடுங்கள். ‘அகல்’ என்ற வினையடி நான்கு அட்டைகளைக் கொண்டுபோகிறது. மிஞ்சிய ஆ, ம் இரண்டும் அதன் பின்னே சேர்ந்து ‘அகலாம்’ ஆகிவிடுகிறது. வினை வடிவங்களை ஏற்காத நடுவர் இருந்தால் ‘அகல் ஆம்’ என்று இரண்டாகக் காட்டலாம்.

வல்லின மெய் மிஞ்சினால் நிலைமை கடினம். சென்னையைப் பிரித்தால் ச், எ, ன், ன், ஐ. ‘என்னை’ உடனே வந்துவிடும். ச் மட்டும் தனியே நிற்கும். ச் சொல்லின் இறுதியில் நில்லாது. இரட்டிக்க இன்னொரு ச் கிடையாது. ஆகவே அது எ, ஐ இரண்டில் ஒன்றோடு சேர்ந்தே ஆக வேண்டும். எகரத்தோடு சேர்த்தால் மறுபடியும் சென்னையே வருகிறது. ஐகாரத்தோடு சேர்த்தால் ‘சை’. மீதி எ, ன், ன். ஒரு னகரத்தைச் ‘சை’யோடும் மற்றொன்றை எகரத்தோடும் பகிர்ந்தால் ‘என் சைன்’ கிடைக்கிறது. ஐந்து அட்டைகளும் தீர்ந்தன. வங்கியிலும் பள்ளியிலும் நாள்தோறும் ‘சைன் போடுங்க’ என்று கேட்கும் நகரத்தில் இது செல்லுமா என்பதை, நீங்கள் முன்னதாக ஏற்றுக்கொண்ட அகராதியும், பிறமொழிச் சொற்களைப் பற்றி எடுத்த முடிவும் சொல்லிவிடும்.